மின்சாரம் வந்ததும் வழி மாறிய ஹோஸ்ட்: நாலு நெட்வொர்க், ஒரு டீஃபால்ட் கேட்வே

இடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் ஒரு மசாலா மொத்த வியாபாரக் கிடங்கு. அலுவலக மூலையில் ஒரே ஒரு சர்வர், அதில் புராக்ஸ்மாக்ஸ் 8 என்ற ஹைப்பர்வைசர் (ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்), மேலே ஐந்து விஎம், அதாவது மெய்நிகர் கணினி. அவற்றைத் தாங்கும் சர்வரைத்தான் ஹோஸ்ட் என்கிறோம். கணக்கு, பில், கேமரா பதிவு எல்லாம் அதற்குள்தான். பீட்டர்மாரிட்ஸ்பர்க் கிளை சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து வயர்கார்டு டனல் (இணையத்தின் மேல் போடும் மறையாக்கப்பட்ட தனிப் பாதை) வழியாக இங்கே வருகிறார்கள். டனலின் இந்தப் பக்க முனை அலுவலக ரவுட்டரில் இருக்கிறது, ஹோஸ்டில் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வட்டாரத்தில் கேபிள் திருட்டு, ஒரு இரவு முழுக்க மின்சாரம் இல்லை. யுபிஎஸ் தீர்ந்து ஹோஸ்ட் அணைந்தது. காலையில் மின்சாரம் திரும்பியதும் பயாஸ் அமைப்பின்படி தானாக எழுந்தது. விஎம்கள் ஓடின, கவுண்டரில் பில் போட்டார்கள். ஆனால் மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஹோஸ்டின் நிர்வாகப் பக்கம், அதாவது 8006 போர்ட், திறக்கவில்லை. அதே கிளையிலிருந்து அதே ஹோஸ்டில் ஓடும் விஎம்கள் மட்டும் ஒழுங்காகக் கிடைத்தன. கிடங்குக்குள் உட்கார்ந்து திறந்தால் நிர்வாகப் பக்கமும் வருகிறது. ஹோஸ்டில் பின்வாசலாக ஒரு எல்டிஇ (மொபைல் இணைய) பெட்டியும் செருகியிருந்தது, மூன்று நாளில் அதன் சிம்மின் டேட்டா பண்டில் காலி.

இந்தப் புகார்கள் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். ஹோஸ்டின் டீஃபால்ட் கேட்வே, அதாவது தனி வழி எழுதப்படாத முகவரிகளுக்கெல்லாம் பாக்கெட்டை ஒப்படைக்கும் இடம், மாறிவிட்டது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடலாம். ஈஎன்ஓ1 என்ற நெட்வொர்க் கார்டு அலுவலக ஸ்விட்சுக்குப் போகிறது. அதன்மேல் விஎம்பிஆர்0 பிரிட்ஜ் (மென்பொருள் ஸ்விட்ச்), ஹோஸ்டின் முகவரி 192.168.10.5/24, அலுவலக ரவுட்டர் 192.168.10.1, அதன் பின்னால் ஃபைபர். ஈஎன்ஓ2 நேராக ஒரு எல்டிஇ பெட்டிக்குப் போகிறது. பெட்டி 192.168.8.1, ஹோஸ்டுக்கு அது டிஎச்சிபி (தானாக முகவரி வழங்கும் முறை) வழியாக 192.168.8.100 கொடுத்திருந்தது. ஈஎன்ஓ3 மேல் விஎம்பிஆர்1, சேமிப்பகத்துக்கு மட்டும், 10.20.20.5/24, எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9000. நாலாவது மாரிட்ஸ்பர்க் கிளையின் 10.50.0.0/16. அது நேரடியாக எந்த கார்டிலும் இல்லை, அலுவலக ரவுட்டரின் டனலுக்கு அப்பால் இருக்கிறது.

ஹோஸ்டின் கன்சோலில் உட்கார்ந்து முதலில் அடிக்க வேண்டியது "ஐபி ரூட் ஷோ". பட்டியலின் முதல் வரியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது: டீஃபால்ட் 192.168.8.1 வழி, ஈஎன்ஓ2. ஆனாலும் இந்தப் பட்டியலைக் கண்ணால் பார்த்து முடிவெடுப்பதைவிட "ஐபி ரூட் கெட்" கட்டளையை நம்புவது மேல். ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எந்த வழியில் அனுப்பும் என்பதை அதுவே சொல்லிவிடும். 10.50.1.20 என்ற கிளைக் கணினியைக் கேட்டபோது விடை இப்படி வந்தது: 192.168.8.1 வழி, ஈஎன்ஓ2, மூல முகவரி 192.168.8.100. கிளைக்குப் போகவேண்டிய பாக்கெட் எல்டிஇ பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டிக்கு 10.50 எங்கே இருக்கிறது என்று தெரியாது.

சந்தேகம் தீர, பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, கிளையில் ஒருவரை உலாவியில் பக்கத்தைத் திறக்கச் சொன்னோம். விஎம்பிஆர்0 வழியாக 10.50.1.20 இலிருந்து சின் பாக்கெட் (இணைப்புக் கோரிக்கை) வருகிறது. பதில் சின்-அக், மூல முகவரி 192.168.10.5 என்றே போட்டுக்கொண்டு, ஈஎன்ஓ2 வழியாக வெளியே போகிறது. வாசல் வழியாக வந்த ஆளுக்குக் கொல்லை வழியாகப் பதில் அனுப்பிய கதை. உங்கள் ஹோஸ்டில் ஆர்பி ஃபில்டர் (திரும்பும் வழியைச் சரிபார்க்கும் கெர்னல் அமைப்பு) மதிப்பு 1 என்று இருந்தால் இந்தப் பதிலைக்கூடப் பார்க்கமாட்டீர்கள். வந்த பாக்கெட்டின் திரும்பும் வழி வேறு கார்டில் இருப்பதால் கெர்னல் அதை உள்ளே விடாமலே கீழே போட்டுவிடும், பதிவேட்டில் எதுவும் எழுதாது. "லாக் மார்ஷியன்ஸ்" மதிப்பை 1 ஆக்கினால்தான் "மார்ஷியன் சோர்ஸ்" என்று வரி வரும். இன்னொன்று: ஆர்பி ஃபில்டரில் "ஆல்" என்ற பொது மதிப்பு, கார்டின் தனி மதிப்பு இரண்டில் எது பெரியதோ அதுதான் செல்லும். கார்டில் 0 போட்டுவிட்டு "ஆல்" 1 என்று இருந்தால் நீங்கள் போட்டதற்கு அர்த்தமில்லை.

விஎம்கள் ஏன் பாதிக்கப்படவில்லை? பிரிட்ஜ் என்பது ஸ்விட்ச் மாதிரி, இரண்டாம் அடுக்கு சமாச்சாரம். விஎம்முக்குள் எழுதியிருக்கும் கேட்வே 192.168.10.1. அது நேராக அலுவலக ரவுட்டரிடம் போகிறது, ஹோஸ்டின் ரூட் பட்டியலைத் தொடுவதே இல்லை. ஹோஸ்டே முகவரி மாற்றிக்கொடுக்கும் (நாட்) அமைப்பாகவோ விஎம்களுக்கு ரவுட்டராகவோ இருந்தால்தான் விஎம்மும் ஹோஸ்டின் கேட்வேயைச் சார்ந்திருக்கும். டேட்டா பண்டில் கரைந்ததும் ஹோஸ்டின் கேட்வே மாறியதால்தான். வெளியிலிருக்கும் பேக்கப் சர்வருக்கு, 8007 போர்ட்டுக்கு, விஎம்மின் பிரதியை அனுப்புவது விஎம் இல்லை, ஹோஸ்ட். ராத்திரி முழுக்க பேக்கப் எல்டிஇயில் போயிருக்கிறது. கிடங்குக்குள் எல்லாம் வேலை செய்ததற்குக் காரணம் சொல்லவே வேண்டாம். ஒரே சப்நெட்டில் இருப்பவருக்குப் பதில் சொல்ல கேட்வே தேவையில்லை.

இப்போது முக்கியமான கேள்வி. எல்டிஇ கேபிள் செருகிப் பல மாதமாகிறது. இவ்வளவு நாள் இது ஏன் தெரியவில்லை?

நெட்வொர்க் அமைப்புகள் இருக்கும் இன்டர்ஃபேசஸ் கோப்பைத் திறந்தால் யாரோ கையால் எழுதிய வரி: ஈஎன்ஓ2, டிஎச்சிபி. புராக்ஸ்மாக்ஸின் வலைப்பக்கம் கார்டுக்கு டிஎச்சிபி போட இடமே தராது. இரண்டாவதாக ஒரு கேட்வே எழுதினாலும் "டீஃபால்ட் கேட்வே ஏற்கெனவே விஎம்பிஆர்0 மேல் இருக்கிறது" என்ற பொருளில் பிழை காட்டி மறுத்துவிடும். கையால் எழுதினால் அந்தக் காவல் கிடையாது.

அதை எழுதிய அன்று ஹோஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது, டீஃபால்ட் ரூட் ஏற்கெனவே 192.168.10.1 மேல் உட்கார்ந்திருந்தது. "ஐஎஃப்ரீலோட்" (கோப்பை மறுபடி படித்து அமல்படுத்தும் கட்டளை) அடித்ததும் டிஎச்சிபி தன் பங்குக்கு இரண்டாவது டீஃபால்ட் ரூட்டைச் சேர்க்கப் பார்த்தது. அதே இலக்கு, அதே மெட்ரிக் (முன்னுரிமை எண்) உள்ள ரூட் ஒன்று இருக்கும்போது இன்னொன்றைச் சேர்க்க லினக்ஸ் விடாது, "ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்" என்று திருப்பிவிடும். டிஎச்சிபி ஸ்கிரிப்ட் அந்தப் பிழையை விழுங்கிவிட்டது. முகவரி வந்தது, ரூட் வரவில்லை, எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தது.

மறுதொடக்கத்தில் வரிசை தலைகீழ். கோப்பில் ஈஎன்ஓ2 பத்தி மேலே, விஎம்பிஆர்0 பத்தி கீழே. புராக்ஸ்மாக்ஸ் தானே எழுதும்போதும் கார்டுகளை முதலில், பிரிட்ஜ்களைப் பிறகு என்றுதான் அடுக்கும். எல்டிஇ பெட்டிக்கு மட்டும் தனி மினி யுபிஎஸ், அது இரவெல்லாம் விழித்திருந்தது. ஹோஸ்ட் எழுந்து கேட்டதும் உடனே முகவரியும் கேட்வேயும் கொடுத்தது. அடுத்து வந்த விஎம்பிஆர்0 தன் கேட்வேயைச் சேர்க்கப் போனபோது இடம் நிரம்பியிருந்தது. இந்த முறை "ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்" அதற்கு. நெட்வொர்க்கிங் சேவையின் பதிவேட்டில் அந்த வரி கிடந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை.

தென்னாப்பிரிக்க மின்வாரியமான எஸ்காம் 2024 மார்ச் 26 முதல் 2025 ஜனவரி கடைசி வரை லோட்ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) இல்லாமல் ஓட்டியதே, அந்தப் பத்து மாதத்தில் இங்கே பல சர்வர்கள் ஒருமுறைகூட அணைந்து எழவில்லை. இந்த எல்டிஇ கேபிளும் அப்போது செருகியதுதான். முன்பென்றால் மறுவாரமே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

சரிசெய்யும் வேலைக்கு வருவோம். கேட்வேயைத் தொடுவதற்கு முன் கன்சோல் கையில் இருக்க வேண்டும். ஐபிஎம்ஐ (சர்வரின் திரையைத் தொலைவிலிருந்து தரும் வசதி) இருந்தால் நல்லது, இல்லையென்றால் திரையும் விசைப்பலகையும் கொண்டுபோய்ச் செருகுங்கள். தொலைவிலிருந்துதான் செய்ய வேண்டுமென்றால் ஒரு பாதுகாப்பு: கோப்பைப் பிரதி எடுத்துவிட்டு, "சிஸ்டம்டி ரன்" கொண்டு ஐந்து நிமிடம் கழித்துப் பழைய கோப்பைத் திரும்ப வைத்து ஐஎஃப்ரீலோட் செய்யும்படி ஒரு வேலையை முடுக்கிவிடுங்கள். உங்கள் மாற்றம் உங்களை வெளியே தள்ளிவிட்டால் ஐந்து நிமிடத்தில் அதுவே கதவைத் திறக்கும். வேலை செய்தால் அந்த வேலையை ரத்து செய்யுங்கள். ரத்து செய்ய மறந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

உடனடி நிவாரணத்துக்கு ஒரு வரி போதும்: "ஐபி ரூட் ரீப்ளேஸ் டீஃபால்ட்", 192.168.10.1 வழி, விஎம்பிஆர்0. அடித்த கணமே மாரிட்ஸ்பர்க்கில் பக்கம் திறந்தது. இது நினைவகத்தில் மட்டும் இருக்கும், அடுத்த மின்வெட்டில் போய்விடும்.

நிரந்தரத்துக்குக் கோப்பு. ஈஎன்ஓ2வை டிஎச்சிபியிலிருந்து நிலையான முகவரிக்கு மாற்றினோம், 192.168.8.2/24. அந்தப் பெட்டி டிஎச்சிபிக்கு 100 முதல் கொடுப்பதால் 2 மோதாது. கேட்வே வரி எழுதவில்லை. விஎம்பிஆர்1க்கும் கேட்வே வரி இல்லை. கேட்வே என்ற சொல் அந்தக் கோப்பு முழுக்க ஒரே ஒரு இடத்தில், விஎம்பிஆர்0 பத்தியில், 192.168.10.1 என்று மட்டும். பல நெட்வொர்க் உள்ள ஹோஸ்டில் கோப்பைத் திறந்ததும் முதலில் அந்தச் சொல்லைத் தேடி எண்ணிப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் மீதியைப் படிக்கும் முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது.

பிறகு ஐஎஃப்ரீலோட். நெட்வொர்க்கிங் சேவையை முழுசாக மறுதொடக்கம் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்களின் டேப் கார்டுகள் (அவற்றின் மெய்நிகர் நெட்வொர்க் கார்டுகள்) பிரிட்ஜிலிருந்து கழன்றுபோக வாய்ப்பு உண்டு. விஎம் ஓடும், நெட்வொர்க் இருக்காது, ஒவ்வொன்றாக நிறுத்தி எழுப்ப வேண்டிவரும்.

முடிந்தது என்று எழுந்திருக்க முடியவில்லை, இரண்டு எச்சங்கள் இருந்தன. ஒன்று டிஎன்எஸ், பெயரை முகவரியாக்கும் சேவை. டிஎச்சிபி போகிற போக்கில் டிஎன்எஸ் சர்வரைக் குறிக்கும் ரிசால்வ் கோப்பையும் மாற்றி 192.168.8.1 என்று எழுதிவைத்திருந்தது. டிஎச்சிபியை நீக்கினாலும் அந்த வரி அப்படியே இருந்தது. 192.168.10.1 என்று கையால் திருத்தினோம். இரண்டாவது கொஞ்சம் கள்ளத்தனமானது. ஐபிவி4 சரியான பிறகும் புதுப்பிப்பு எல்டிஇ வழியாகவே போயிற்று. "ஐபி -6 ரூட்" பார்த்தால் அங்கே ஒரு டீஃபால்ட், ஈஎன்ஓ2 மேல். எல்டிஇ பெட்டி ஐபிவி6 ரவுட்டர் அறிவிப்பை ஒலிபரப்புகிறது, லினக்ஸ் அதைக் கேட்டு வழியாக எடுத்துக்கொள்கிறது. யாரும் எங்கும் எழுதாத கேட்வே இது, கோப்பில் தேடினால் கிடைக்காது. ஈஎன்ஓ2 பத்தியில் ப்ரீ-அப் வரியாக அந்த கார்டுக்கு "ஆக்செப்ட் ஆர்ஏ" மதிப்பை 0 ஆக்கும் சிஸ்கண்ட்ரோல் கட்டளையைச் சேர்த்தோம். ஏற்கெனவே வந்துவிட்ட ரூட்டைக் கையால் நீக்கினோம்.

அப்படியானால் எல்டிஇ எதற்கு? அலுவலக ரவுட்டரே செத்தாலும் வெளியிலிருந்து ஹோஸ்டைத் தொட ஒரு பின்வாசல் வேண்டும் என்பதற்காக. நியாயமான ஆசைதான். ஆனால் அதற்கு இரண்டாவது டீஃபால்ட் கேட்வே தேவையே இல்லை. எல்டிஇயில் பொது முகவரி பெரும்பாலும் கிடைக்காது, நிறுவனத்தின் முகவரி மாற்றிக்குப் பின்னால் இருப்பீர்கள், வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. அதனால் ஹோஸ்டிலிருந்து வெளியே ஒரு வாடகை சர்வருக்கு வயர்கார்டு டனல் போட்டு, 25 வினாடிக்கு ஒருமுறை கீப்அலைவ் அனுப்பி வழியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அந்த சர்வரின் முகவரி 203.0.113.10 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மட்டும் ஒரு ரூட்: 203.0.113.10/32, 192.168.8.1 வழி, ஈஎன்ஓ2. /32 ஒற்றை முகவரி என்பதால் வேறு எந்தப் போக்குவரத்தும் எல்டிஇயைத் தொடாது. பண்டிலும் தப்பித்தது. வயர்கார்டின் "அலவுட் ஐபிஸ்" இடத்தில் 0.0.0.0/0 எழுதிவிடாதீர்கள். டனலின் மறுமுனை முகவரியை மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் வயர்கார்டு எழுப்பும் ஸ்கிரிப்ட் ஹோஸ்டின் எல்லாப் போக்குவரத்தையும் டனலுக்குள் திருப்பிவிடும், பழைய கதை புது வடிவில்.

ரூட் தேர்வில் அடிக்கடி குழம்பும் இடம் இதுதான். கெர்னல் முதலில் பார்ப்பது முன்னொட்டின் நீளம், அதாவது / குறிக்குப் பின்னால் இருக்கும் எண். பெரியது ஜெயிக்கும். /32 இருந்தால் /16ஐப் பார்க்காது, /16 இருந்தால் டீஃபால்ட்டைப் பார்க்காது. மெட்ரிக் என்பது முன்னொட்டு சமமாக இருக்கும்போது மட்டும் எழும் கேள்வி, சிறிய எண் ஜெயிக்கும். இந்த விதியை வைத்தே ஒரு முன்னெச்சரிக்கை செய்தோம்: 10.50.0.0/16க்கு 192.168.10.1 வழியாக வெளிப்படையான ரூட் ஒன்று விஎம்பிஆர்0 பத்தியில். இனி யாராவது டீஃபால்ட்டைக் கலைத்தாலும் மாரிட்ஸ்பர்க் தொடர்பு அறாது. போஸ்ட்-அப் வரிகளில் "ஆட்" என்று எழுதாமல் "ரீப்ளேஸ்" என்று எழுதுங்கள். இரண்டாவது முறை ஐஎஃப்ரீலோட் அடிக்கும்போது "ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்" என்று நிற்காது.

எல்டிஇக்கு மெட்ரிக் 200 என்று ஒரு டீஃபால்ட் போட்டுவிட்டால் ஃபைபர் போகும்போது தானாக மாறுமே என்று பலர் கேட்பார்கள். மாறாது. ஃபைபர் அறுந்தாலும் ஹோஸ்டுக்கும் ரவுட்டருக்கும் நடுவே கேபிள் உயிரோடுதான் இருக்கும், ரூட்டும் இருக்கும். சரி, கேபிளையே பிடுங்கினால்? அப்போதும் லினக்ஸ் இயல்பாக அந்த ரூட்டை "லிங்க்டவுன்" என்று குறித்துவிட்டுத் தொடர்ந்து பயன்படுத்தும். "இக்னோர் ரூட்ஸ் வித் லிங்க்டவுன்" மதிப்பை 1 ஆக்கினால்தான் விடும். அதையும் போட்டாயிற்று என்றால் இன்னொரு முட்டுக்கட்டை: ரூட் இருப்பது ஈஎன்ஓ1 மேல் அல்ல, விஎம்பிஆர்0 மேல். பிரிட்ஜில் ஏதாவது ஒரு போர்ட் உயிரோடு இருந்தால் பிரிட்ஜும் உயிரோடு இருக்கும். ஓடும் ஒரு விஎம்மின் டேப் போதும். கேபிள் தரையில் கிடக்கும், பிரிட்ஜ் "அப்" என்று காட்டும். ஆகவே இணையம் போனால் மாற்றுவழி என்கிற வேலையை இரண்டு வான் (வெளி இணைய இணைப்பு) உள்ள ரவுட்டரிடம் விடுங்கள். அது வெளியே பிங் அடித்துப் பார்த்து முடிவெடுக்கும், ஹோஸ்டுக்கு ஒரே கேட்வேதான் தெரியும். இதை ஹோஸ்டிலேயே செய்துகொள்ளப் பார்ப்பது வீண் வேலை.

சேமிப்பக நெட்வொர்க்கில் ஒரு சிறு திருத்தம். நாஸ் (நெட்வொர்க் சேமிப்பக) பெட்டி 10.20.20.0/24க்குள்ளேயே இருப்பதால் கேட்வே வேண்டாம். ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் 10.60.0.0/16 இலிருந்து ஒரு கண்காணிப்புக் கணினி, 10.20.20.1 என்ற ஸ்விட்ச் வழியாக, ஹோஸ்டின் 10.20.20.5 முகவரியைத் தொடுகிறது. பதில் விஎம்பிஆர்0 வழியாகப் போய் அலுவலக ரவுட்டரின் தீச்சுவரில் செத்தது, வந்த பேச்சைப் பார்க்காத தீச்சுவர் பதிலை மட்டும் எப்படி விடும்? தொலை சப்நெட் ஒன்றுதான் என்றால் ஒரு நிலையான ரூட் போதும். எங்கிருந்தெல்லாம் வருவார்கள் என்று தெரியாதபோது மூல முகவரியை வைத்து வழி பிரிக்க வேண்டும். அட்டவணை 100இல் இரண்டு ரூட்: 10.20.20.0/24 நேராக விஎம்பிஆர்1 மேல், டீஃபால்ட் 10.20.20.1 வழி. பிறகு "ஐபி ரூல்" ஒன்று: 10.20.20.5 இலிருந்து கிளம்பும் எதுவும் அட்டவணை 100ஐப் பார்க்கட்டும், முன்னுரிமை 1000. முதல் ரூட்டை விட்டுவிட்டால் நாஸுக்குப் போகும் பாக்கெட்கூட ஸ்விட்சின் கேட்வேயைச் சுற்றிக்கொண்டு போகும், வேலை செய்யும், மெதுவாக. அட்டவணைக்குப் பெயர் வைக்காமல் எண்ணாகவே எழுதுவது வசதி, பெயர் எழுதும் கோப்பின் இடம் டெபியன் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. ரூல் வரியை போஸ்ட்-அப்பில் சேர்த்தால் ப்ரீ-டவுனில் நீக்கவும் எழுதுங்கள்.

எம்டியு 9000 சரியாக இருக்கிறதா என்று பார்க்க, துண்டாக்கத் தடை போட்டு 8972 பைட் பிங். 28 பைட் தலைப்புக்குப் போகும். இந்த கார்டின் கேட்வே குழப்பத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆனால் கோப்பைத் தொட்ட கையோடு பார்த்துவிடுவது வழக்கம்.

மற்ற ஹைப்பர்வைசர்களில் பெயர்தான் வேறு. விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐயில் டீஃபால்ட் டிசிபி-ஐபி ஸ்டாக்குக்கு (நெட்வொர்க் அமைப்புகளின் தொகுப்பு) ஒரே கேட்வே. விமோஷனுக்கு (ஓடும் விஎம்மை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்துவது) தனி ஸ்டாக் எடுத்தால் அதற்குத் தனி கேட்வே கிடைக்கும், 6.5 பதிப்பு முதல் விஎம்கெர்னல் கார்டுக்கே (ஹோஸ்டின் சொந்தப் போக்குவரத்துக்கான கார்டு) கேட்வேயை மாற்றி எழுதவும் வசதி உண்டு. ஹைப்பர்-வியில் விண்டோஸ் இரண்டாவது கேட்வேயை எச்சரித்துவிட்டு ஏற்றுக்கொள்ளும், அந்த எச்சரிக்கைப் பெட்டியைத்தான் யாரும் படிக்காமல் "யெஸ்" அழுத்துகிறோம். அங்கே மெட்ரிக்கைத் தானாகக் கணக்கிட விடாமல் கையால் போட்டு, மற்ற நெட்வொர்க்குகளுக்கு நிலையான ரூட் எழுதுவதே வழி.

கடைசியாகச் சோதனை. ஐஎஃப்ரீலோட் செய்து சரியாக இருந்தது என்பது கணக்கில் வராது, இந்தப் பிழை பிறந்ததே அப்படித்தான். வியாபாரம் முடிந்த பிறகு விஎம்களை முறையாக நிறுத்தி, ஹோஸ்டை அணைத்து, சுவர் ஸ்விட்சை ஐந்து நிமிடம் அணைத்துப் போட்டோம். முதல் முறை எல்டிஇ பெட்டி விழித்திருக்க. இரண்டாவது முறை எல்டிஇ கேபிளைப் பிடுங்கிவிட்டு. மூன்றாவது முறை அலுவலக ஸ்விட்சை ஹோஸ்டுக்கு இரண்டு நிமிடம் கழித்து எழுப்பி. ஒவ்வொரு முறையும் 10.50.1.20, 203.0.113.10, 10.20.20.1, வெளியிலுள்ள பேக்கப் சர்வர் நாலுக்கும் "ஐபி ரூட் கெட்", கூடவே "ஐபி -6 ரூட்". மூன்று முறையும் ஒரே விடை. அந்த விடைகளைத் தாளில் அச்சடித்து ராக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அடுத்து வருபவர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.